பின் கண்ணாடி உடைந்தால்



வேலையின் பொருட்டு வெளிமாநிலங்களிற் குடியேறியுள்ள நம்மவரிடையே, சொந்த மோட்டார் வண்டியிலேயே ஊருக்குச் சென்று திரும்பும் வழக்கம் பெருகியிருக்கிறது. பொங்கலுக்கு நான்கு நாட்கள் முன்பாகப் புனேயிலும் ஹைதராபாதிலும் தமிழர் வாழும் வீடுகளின் வாசலைப் பார்த்தால் போதும். திறந்த டிக்கியும், அதனுள் அடங்க மறுக்கும் மூட்டைகளும் கண்ணிற் படும். அந்த டிக்கிக் கதவிற் பதிந்திருக்கும் பின் கண்ணாடியைப் பற்றியே இன்று நாம் பேச எண்ணுகிறோம். அதிலும் பெட்ரோலாலும் மின்சாரத்தாலும் ஓடி, வீட்டுச் சுவரிலுள்ள மின்செருகியிலிருந்து மின்னேற்றிக்கொள்ளும் ப்ளக்-இன் ஹைபிரிட் வண்டிகளின் பின் கண்ணாடி உடைந்துவிட்டால் செய்ய வேண்டுவது என்ன என்பதே நம் பொருள்.

இத்தகைய வண்டி நம் நாட்டில் அரிது. 2016-ஆம் ஆண்டில் இங்கு விற்பனைக்கு வந்த வால்வோ எக்ஸ்.சி.90 டி8 என்னும் பெருவண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் முன் சக்கரங்களைப் பெட்ரோல் எஞ்சின் இயக்குகிறது. பின் சக்கரங்களை மின்மோட்டார் இயக்குகிறது. உயர் மின்னழுத்தமுள்ள பெரிய மின்கலம் இருக்கைகளுக்கு நடுவே, தரையின் முதுகெலும்பு போன்ற பகுதியிற் கிடக்கிறது. மின்னேற்றும் வாய் முன் இடப்புறச் சக்கரத்தின் மேலே இருக்கிறது. இவையெல்லாம் பின் கண்ணாடியிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இது பயன்படும்.

முன் கண்ணாடியில் கல் பட்டாற் சிலந்தி வலைபோல் விரிசல் விடும். ஆனாற் கண்ணாடி விழாது. அஃது இரண்டு தகடுகளுக்கிடையே மெல்லிய பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டப்பட்டது. சிறு காயமாயின் பிசின் செலுத்தி அடைத்தும் விடலாம். பின் கண்ணாடியோ பெரும்பாலும் வேறு இனத்தது. ஒற்றைத் தகட்டைச் சற்றேறக்குறைய 620 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சி, வளைத்து, இருபுறமும் குளிர்காற்றை வேகமாகப் பாய்ச்சி ஆற்றுகிறார்கள். வெளிப்புறம் முதலில் இறுகிவிடுகிறது. உட்புறம் பிறகு ஆறிச் சுருங்க முயல்கிறது. ஆகவே மேற்பரப்பு எப்பொழுதும் அழுத்தத்திலும், உள்ளகம் எப்பொழுதும் இழுவிசையிலும் நிற்கின்றன. சாதாரணக் கண்ணாடியைக் காட்டிலும் இது நான்கைந்து மடங்கு வலியது. ஆனால் அந்த மேற்பரப்பை ஓரிடத்தில் ஊடுருவிவிட்டால், அடங்கியிருந்த விசை அனைத்தும் ஒரு நொடியில் விடுபட, தகடு முழுவதும் கற்கண்டுத் துண்டுகளைப்போல் உதிர்ந்துவிடும். கத்திபோன்ற சில்லுகள் உடலிற் குத்தாதிருக்கவே இந்த ஏற்பாடு. இதனாலேதான் பின் கண்ணாடியை ஒட்டுப்போட முடியாது. கடையில் அளவுக்கு அறுத்துத் தரவும் முடியாது. முழுக் கண்ணாடியை மாற்றுவது ஒன்றே வழி.

உடைவதற்குக் காரணங்கள் பல. தெருவில் தெறிக்கும் கல், மடிக்கணினிப் பைக்குக் குறிவைக்கும் திருடன், கண்ணாடியின் விளிம்பில் முன்பே ஏற்பட்ட கண்ணுக்குத் தெரியாத பொறுக்கு ஆகியன அவற்றுட் சில. ஆயினும் நம்மவர் வண்டிகளில் நாம் அடிக்கடி கேள்விப்படுவது மூட்டைதான். தானாக மூடிக்கொள்ளும் டிக்கிக் கதவு கீழிறங்குகையில், உள்ளிருந்து கிரைண்டரின் மூலையோ மடக்குக் கட்டிலின் இரும்புக் காலோ கண்ணாடியைக் குத்துகிறது. பரந்த அழுத்தத்தைத் தாங்கும் கண்ணாடி கூர்மையான ஒரு முனைக்குத் தோற்றுவிடுகிறது.

உடைந்தவுடன் துடைப்பத்தை எடுக்க வேண்டா. முதலில் நாலாபுறமும் புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்ஷூரன்ஸ் கழகம் கேட்கும். திருடன் உடைத்திருந்தாற் காவல் நிலையத்திற் புகார் எழுதிக் கொடுத்து, அதன் படியைப் பெற்றுக்கொள்வது நல்லது. பிறகு கனத்த கையுறை அணிந்து துண்டுகளை அள்ளலாம். அடுத்துச் செய்ய வேண்டியது மழையைத் தடுப்பது. சாதாரண வண்டியில் மழைநீர் புகுந்தால் விரிப்பு நனையும், அவ்வளவுதான். நாம் சொல்லும் வண்டியில் டிக்கித் தளத்தின் அடியில் 12 வோல்ட் சிறு மின்கலம் இருக்கிறது. பெரிய மின்கலத்தை வண்டியோடு இணைக்கும் மின்விசைகளை இயக்குவது இந்தச் சிறியதே. சிறியது நனைந்தோ சோர்ந்தோ போனாற் பெரியது நிறைந்திருந்தும் வண்டி அசையாது. ஆகவே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, பெயிண்டை உரிக்காத காகித நாடாவால் ஒட்டிவைக்க வேண்டும்.

அப்படி ஒட்டிய வண்டியை ஒர்க்‌ஷாப்வரை ஓட்டிச் செல்லலாமா? மெதுவாக, பக்கத்து ஒர்க்‌ஷாப்வரை மட்டும் செல்லலாம். ஓடும் வண்டியின் பின்னே காற்றழுத்தம் குறைகிறது. திறந்த பின்புறத்தின் வழியாக எஞ்சின் புகை உள்ளே இழுக்கப்படும். அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முன் ஜன்னல்களை இறக்கிவைத்து ஓட்ட வேண்டும். ஹைபிரிட் வண்டிக்கு இங்கே ஒரு சிறு வசதியும் உண்டு. மின்னேற்றம் இருக்குமாயின் மின்சாரத்தால் மட்டும் ஓடும்படி அமைத்துக்கொள்ளலாம். ஆனால் வேண்டியபோது எஞ்சின் தானாகவே முடுக்கிக்கொள்ளும் என்பதால் ஜன்னல்களை ஏற்றிவிடலாகாது. இந்நிலையில் ஊர்ப் பயணம் புறப்படுதல் கூடவே கூடாது.

இனி, புதுக் கண்ணாடியை வரவழைத்தல். இங்கே மொழிச் சிக்கல் ஒன்று உண்டு. தமிழிற் 'கண்ணாடி' என்றாற் ஜன்னல் கண்ணாடியும் ஆகும், முகம் பார்ப்பதும் ஆகும், மூக்கில் அணிவதும் ஆகும். இந்தியில் 'ஷீஷா' என்பதும் முதல் இரண்டு பொருளையும் தரும். டில்லியிற் கடைக்காரரிடம் தொலைபேசியில் 'பின் பார்க்கும் கண்ணாடி' என்பதை இந்தியாக்கிச் சொன்ன ஒருவருக்குப் பக்கக் கதவிற் பொருத்தும் முகக் கண்ணாடி வந்து சேர்ந்தது என்று நாம் கேட்டிருக்கிறோம். வட நாட்டில் 'டிக்கி கா ஷீஷா' என்றும், மும்பையில் 'டிக்கி கா காஞ்ச்' என்றும் சொன்னாற் புரிந்துகொள்வர். அதனினும் உறுதியானது பதிவுச் சான்றிதழில் அச்சிட்டுள்ள 17 எழுத்தெண்கள் கொண்ட சேஸிஸ் எண். ஒரே வண்டியின் இரண்டு ஆண்டு வார்ப்புகளிடையே சூடேற்றும் கம்பிகளின் முனையும் ஏரியலின் இணைப்பும் மாறுபடலாம். சில வண்டிகளில் வைப்பருக்கான துளையும் கண்ணாடியிலேயே இருக்கும். அவ்வெண்ணைக் கொடுத்துவிட்டாற் சரியான கண்ணாடி எது என்று ஐயமின்றித் தெரிந்துவிடும்.

நம் நாட்டிலேயே மோட்டார்க் கண்ணாடி ஏராளமாகச் செய்யப்படுகிறது. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் ஆலை 2000-ஆம் ஆண்டிலேயே கண்ணாடி உருக்கத் தொடங்கிவிட்டது. டில்லியில் ஓடும் வண்டியின் கண்ணாடி நம்மூர்ப் பக்கத்திலிருந்து சென்றதாகவும் இருக்கலாம்! ஆயினும் எண்ணிக்கையிற் சிலவே விற்ற வண்டிகளுக்குக் கண்ணாடி கடல் கடந்தே வர வேண்டியிருக்கும். வாரக்கணக்கிற் காத்திருக்க நேரலாம். காத்திருக்கப் பொறுக்காமல், வெளிநாட்டில் உடைத்துப் பிரித்த வண்டியின் பழைய கண்ணாடியை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிற நாடுகளில் இப்பெருவண்டிகளின் பின் கண்ணாடி பலவும் கருநிறத்தன. நம் நாட்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-ஆம் விதிப்படி, முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் ஒளியில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் உள்ளே விடுதல் வேண்டும். பக்கக் கண்ணாடிகளுக்கு அது 50 விழுக்காடு. கறுப்புத் தாள் ஒட்டுவதை 2012-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தடுத்ததும், பின்னர் விதியில் மாற்றம் வந்ததும் பலர் அறிந்ததே. அந்த 70 மட்டும் மாறவில்லை.

அடுத்து ஒர்க்‌ஷாப். ஹைபிரிட் என்ற சொல்லைக் கேட்டதும் மெக்கானிக்குகள் இருவகையாக நடந்துகொள்கிறார்கள். ஒருவர், 'இதைத் தொட்டால் மின்சாரம் அடிக்கும், வேண்டாம் ஐயா' என்கிறார். மற்றொருவர், உயர் மின்னழுத்த வேலை என்று சொல்லிக் கூலியை இருமடங்காக்குகிறார். புனேயில் நாம் அறிந்த குடும்பம் ஒன்றிடம், பெரிய மின்கலத்தைக் கழற்றி மாட்டுவதற்கென்றே ஒரு நிலையத்தார் தனித்தொகை எழுதிக் கொடுத்தனர். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேட்டபொழுது அந்த வரி மறைந்தது. முன்பு சொன்னதை நினைவுகூர்க: பெரிய மின்கலம் நடுவில், மின்னேற்றும் வாய் முன்புறத்தில். டிக்கிக் கதவினுட் செல்லும் கம்பிகளெல்லாம் 12 வோல்ட் கம்பிகளே. பின் கண்ணாடியின் பனி நீக்கும் கோடுகளும் அந்தச் சிறு மின்னழுத்தத்திலேயே சூடேறுகின்றன. உயர் மின்னழுத்தக் கம்பிகளுக்கு ஆரஞ்சு நிற உறை இட்டிருப்பார்கள். அந்நிறம் கண்ட இடத்திற் கை வைக்கலாகாது என்பதே விதி. கண்ணாடி மாற்றும் வேலையில் அவ்விடத்துக்குச் செல்ல வேண்டிய தேவையே இல்லை.

அதற்காகக் கவலையே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஹைபிரிட் வண்டி ஓசையின்றி நிற்கும்போதும் ஓடத் தயாரான நிலையில் இருக்கக்கூடும். எஞ்சின் ஓசை இல்லை, ஆகவே வண்டி அணைந்துவிட்டது என்று கருதுவது பிழை. வேலை தொடங்குமுன் வண்டியை முற்றிலும் அணைத்து, சாவியைத் தொலைவில் வைத்து, மின்னேற்றும் செருகியையும் பிடுங்கிவிட வேண்டும். டிக்கிக் கதவு தானாக இயங்காதபடி செய்துவைப்பதும் அவசியம். இல்லையேல் அஃது ஆள் கைமேல் மூடிக்கொள்ளும்.

உண்மையிற் கவனம் வேண்டுவது பசையிலேதான். கண்ணாடியைக் கதவோடு பிணைப்பது பாலியூரித்தேன் பசை. தேர்ந்த தொழிலாளி பழைய பசையை இரும்புவரை சுரண்டிவிடமாட்டார். ஓரிரு மில்லிமீட்டர் விட்டு மட்டமாகச் சீவி, அதன்மேலேயே புதுப்பசையை இடுவார். கத்தி பட்டுப் பெயிண்ட் கீறிய இடத்திற் பிரைமர் தடவுவார். தடவாவிட்டால் அங்கே துருப் பிடித்து, இரண்டு மழைக்காலத்தில் நீர் கசியும். ஒட்டும் விளிம்பை வெறுங்கையால் தொடமாட்டார். விரலின் எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது. கதவின் உட்பலகையைக் கழற்றி, உள்ளே விழுந்த துண்டுகளை உறிஞ்சி எடுப்பார். அதைச் செய்யாமல் விட்டால் பள்ளம் வருந்தோறும் டிக்கிக் கதவு சலங்கைபோல் ஒலிக்கும்.

இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை உண்டு இறுகுவது. ஆகையால் ஒரே பசை எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் இறுகாது. மும்பையின் ஈரக்காற்றில் விரைந்து இறுகும். ஜெய்ப்பூரின் வறண்ட கோடையிலும் டில்லியின் சனவரிக் குளிரிலும் தாமதமாகும். வண்டியை ஓட்டிச் செல்ல எத்தனை மணி பொறுக்க வேண்டும் என்பது பசைக் குழாயின்மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். சிலவற்றுக்கு ஒரு மணி, சிலவற்றுக்குப் பல மணி. முழுதும் இறுக ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். அரைகுறையாகப் பிடித்த கண்ணாடி நெடுஞ்சாலை வேகத்திற் கழன்றால், பின்னே வரும் மோட்டார் சைக்கிள்காரரின் நிலை என்னவாகும்? 'இன்று மாலையே ஊருக்குப் புறப்பட வேண்டும், சீக்கிரம்' என்று நம்மவரே தொழிலாளியை விரட்டுவதைக் கண்டிருக்கிறோம். பயணத்தை ஒரு நாள் தள்ளிவைப்பதே தக்கது. அந்த ஒரு நாளும் ஒரு ஜன்னலைச் சற்றே இறக்கிவைக்க வேண்டும். எல்லாம் அடைத்திருக்கக் கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே அடைபட்ட காற்று புதுக் கண்ணாடியை வெளியே தள்ளும். நீரைப் பீய்ச்சிக் கழுவுதலும் அதுவரை ஆகாது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். விரிவான இன்ஷூரன்ஸில் பிளாஸ்டிக், ரப்பர் உறுப்புகளுக்குத் தேய்மானமாகப் பாதி கழிக்கப்படும். கண்ணாடிக்குக் கழிவே இல்லை. கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய தொகை, 1,500 சி.சி.க்கு மேற்பட்ட எஞ்சினாயின் வழக்கமாக 2,000 ரூபாய். இதைக் கேட்டதும் உடனே விண்ணப்பிக்கத் தோன்றும். ஆனால் இழப்பீடு கோராதிருந்ததற்கான சலுகை அடுத்த புதுப்பிப்பில் அற்றுப்போகும் என்பதை நினைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, சொந்தச் சேதப் பிரீமியம் 40,000 ரூபாய். சலுகை 50 விழுக்காடு என்போம். கண்ணாடிச் செலவு 18,000 ஆனாற் கழகம் தருவது 16,000. அடுத்த ஆண்டு ஒன்றிலேயே நாம் இழப்பது 20,000. சலுகை பழைய நிலையை எட்டப் பின்னும் சில ஆண்டுகள் ஆகும். செலவு லட்சத்தை நெருங்குமாயின் கணக்கு வேறாகும். கூடுதற் பிரீமியம் செலுத்திச் சலுகையைக் காத்துக்கொள்ளும் திட்டங்களும் உள; தம் பத்திரத்தில் அது இருக்கிறதா என்று பார்த்த பின்னரே கழகத்துக்கு எழுதுக.

வண்டியைத் திரும்பப் பெறும்போது, கண்ணாடியின் மூலையில் உள்ள ஐ.எஸ். முத்திரையையோ பிறநாட்டுத் தர முத்திரையையோ முதலிற் பார்க்க வேண்டும். டிக்கியை இருமுறை திறந்து மூடும் சோதனை பசை இறுகிய மறுநாளைக்கு உரியது. வானொலி கேட்கிறதா, பின்னோக்குக் கேமராவிற் படம் வருகிறதா, உயர்ந்த பிரேக் விளக்கு எரிகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். பனி நீக்கும் கோடுகளைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டா. உட்புறத்திலிருந்து கண்ணாடிமேல் வாயால் ஊதி ஆவி படியவைத்து, விசையை அழுத்தி ஓரிரு நிமிடம் காத்திருந்தாற் கோடு கோடாக ஆவி விலகும். விலகாத கோடு எதுவோ, அதன் முனையை மீண்டும் இணைத்துத் தரும்படி அங்கேயே கேட்டு வாங்க வேண்டும்.