யானை வேலியும் வீட்டு வயரும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் அறுகம்பே ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

டொக்டரைப் பேசக் கூப்பிட்டால் சீனி, பிரஷர் என்று ஆரம்பிப்பார் என நினைத்திருப்பீர்கள். நான் பேசப் போவது ஓமின் விதி. மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் அழுத்த வித்தியாசம். சாதாரண தரத்தில் நாமெல்லாரும் பாடமாக்கியதுதான். 1827இல் அதை வெளியிட்ட ஜோர்ஜ் சைமன் ஓம் நம் டீச்சர்மாரைப் போல ஒரு பள்ளி ஆசிரியர்.

பொத்துவிலில் இருந்து லகுகல பக்கம் போனால் யானைக் காடு. யானை வேலியில் பல ஆயிரம் வோல்ட். தொட்ட யானை பதறி ஓடும், சாவதில்லை. ஆனால் பன்றிக்கென்று வயலோரம் களவாக இழுக்கும் கம்பியில் வெறும் 230 வோல்ட். அதில் யானையும் சாகிறது, விடியற்காலையில் வரம்பில் நடந்த மனிதனும் சாகிறான். எப்படி?

ஆளைக் கொல்வது உடலுக்குள் ஓடும் மின்னோட்டம். நனைந்த உடலின் தடை ஏறத்தாழ 1000 ஓம். 230ஐ 1000ஆல் வகுத்தால் 0.23 அம்பியர், அதாவது 230 மில்லி அம்பியர். பத்துப் பதினைந்து மில்லி அம்பியரிலேயே கைத்தசை இறுகிவிடும், பிடித்த கம்பியை விட முடியாது. நூறைத் தாண்டினால் இதயம் துடிப்பதை விட்டுப் புழுவாய் நெளியத் தொடங்கும். காய்ந்த தோலுக்குத் தடை கூடத்தான், ஆனால் அதை நம்ப வேண்டாம். தோலின் மேல்படை 230 வோல்ட்டுக்குத் தாக்குப்பிடிக்காது. உள்ளே இருப்பதெல்லாம் உப்பு நீர்.

அப்படியானால் யானை வேலியில் இன்னும் கூடுதலாக அல்லவா பாய வேண்டும்? கெட்டிக்காரிகள் கேட்பீர்கள். பாயத்தான் செய்கிறது. ஆனால் செக்கனுக்கு ஒரு தடவை அளவில், ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரம் மட்டும். இதயத்தைக் குழப்ப அது போதாது. கையை எடுக்கவும் இடைவெளி கிடைக்கிறது. களவுக் கம்பி விடாமல் பிடித்துக்கொள்ளும். ஓமின் விதியில் நேரத்துக்கு இடமில்லை, உடம்பில் இருக்கிறது.

வீட்டுக்கு வருவோம். 'பியூஸ் இருக்குதானே' என்பார்கள். 15 அம்பியர் பியூஸுக்கு 0.23 அம்பியர் ஒரு பொருட்டே அல்ல. நீங்கள் துடித்துக்கொண்டிருக்க அது பேசாமல் இருக்கும். உயிரைக் காப்பது ட்றிப் சுவிச். போன மின்னோட்டத்தில் 30 மில்லி அம்பியர் திரும்பி வராவிட்டால் கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். அடிக்கடி விழுகிறதென்று அதைத் தாண்டி வயர் கொடுக்கச் சொல்லும் வீட்டுக்காரர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். விழுந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஈரச் சமையலறையில் வெறுங்காலோடு பிரிட்ஜைத் திறப்பது பெரும்பாலும் நாம்தான். அவர்களோடு சண்டை பிடியுங்கள்.

ட்றிப் சுவிச்சில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

யாருக்காவது கரண்ட் அடித்தால் ஓடிப்போய்ப் பிடிக்காதீர்கள், உங்கள் உடம்பும் சுற்றில் சேர்ந்துவிடும். முதலில் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். மூச்சு இல்லையென்றால் 1990க்கு அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம். தேநீருக்குப் பிறகு ஒரு தலையணையை வைத்துச் செய்து காட்டுகிறேன், எல்லாரும் இருங்கள்.