குழந்தையின் புற்றுநோய்க்கு யாரைக் குறை சொல்வது?

(பொன்விழாக் குடும்ப நாளில் சங்க நலக்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)





பொன்விழா மகிழ்ச்சியில் புற்றுநோயைப் பற்றிப் பேசலாமா என்று நலக்குழுவில் நாங்கள் யோசிக்கத்தான் செய்தோம். ஆனால் ஐம்பது ஆண்டுகளாக நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒன்றாக நின்ற குடும்பங்கள் நாம். பத்து காஜாவில் ஒரு வீட்டில் குழந்தை படுத்துவிட்டால் முதலில் போய் நிற்பவர்களும் நாமே. யோசிக்காமல் ஒரு வார்த்தையை விட்டுவிடுகிறவர்களும் நாமே. "வயிற்றில் இருந்தபோது என்ன சாப்பிட்டாய்?" "சொந்தத்தில் கட்டியதால் வந்ததோ?" "யார் கண் பட்டதோ?" கேட்டவர் வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவார். பெற்றவள் மறக்க மாட்டாள்.

இந்தக் கேள்விகளுக்கு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுக் கண்ட விடைகள் இருக்கின்றன. அவற்றை நாம் தெரிந்துகொண்டால் நம் நாக்குக்கு ஒரு கட்டுப்பாடு வரும்.

நம் உடம்பின் உயிரணு ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் கொண்ட ஓர் ஏடு இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஓர் அணு இரண்டாகும்போது அந்த ஏட்டையும் படியெடுக்க வேண்டும். படியெடுக்கும்போது எழுத்துப்பிழை விழுகிறது. பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆவதில்லை. அணு பெருகுவதைக் கட்டுப்படுத்தும் பக்கத்தில் விழுந்தால் மட்டும் ஆபத்து.

1971இல் ஆல்ஃப்ரெட் நட்சன் என்ற அமெரிக்க மருத்துவர், விழித்திரைப் புற்றுநோய் வந்த 48 பேரின் விவரங்களை எடுத்துக் கணக்கிட்டார். எந்த வயதில் வந்தது, ஒரு கண்ணிலா இரண்டிலுமா என்பதுதான் அவர் பார்த்தது. இரு கண்களிலும் வந்த பிள்ளைகளுக்கு நோய் இளவயதிலேயே வந்திருந்தது. அதிலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: இரண்டு பிழைகள் சேர்ந்தால்தான் இந்த நோய்; சில பிள்ளைகள் ஒரு பிழையோடு பிறக்கிறார்கள், மற்றவர்களுக்கு இரண்டும் பிற்பாடு தற்செயலாக விழுகின்றன. 1986இல் அந்த மரபணு கையில் கிடைத்தபோது, அவருடைய கணக்கு சரி என்று உறுதியானது.

இன்று அந்தக் கணக்கைக் கணினி போடுகிறது. நோயுற்ற அணுவின் ஏட்டையும் அதே குழந்தையின் நல்ல அணுவின் ஏட்டையும் அருகருகே வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறார்கள். நோயுற்ற அணுவில் மட்டும் பிழை இருந்தால் அது அந்த அணுவில் புதிதாக விழுந்தது. இரண்டிலும் இருந்தால் குழந்தை அதோடு பிறந்திருக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் ஜூட் மருத்துவமனையும் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2010இல் இதைப் பெரிய அளவில் தொடங்கின. 2015இல் 1,120 நோயாளிகளின் முடிவு வெளியானது. புற்றுநோய்க்கு வழிவிடும் பிறவிப் பிழை அவர்களில் 8.5 விழுக்காட்டினரிடமே இருந்தது. நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோரிடம் அப்படி ஒரு பிழை காணப்படவில்லை.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் புற்றுநோய் இரத்தப் புற்றுநோய். லண்டனில் மெல் கிரீவ்ஸின் குழு, பிறந்தவுடன் குதிகாலில் குத்தி எடுத்து உலர்த்தி வைத்த இரத்தத் துளிகளை, பல ஆண்டுகள் கழித்து எடுத்து ஆராய்ந்தது. பிற்பாடு நோய் வந்த பிள்ளைகள் சிலரின் துளியில் முதல் பிழை அன்றைக்கே இருந்தது. கருவில் அணுக்கள் பெருகும்போது விழுந்த பிழை அது. அதோடு பிறக்கும் குழந்தைகளிலும் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. தாய் சாப்பிட்ட சாப்பாட்டின் மீதும் பார்த்தவர் கண்ணின் மீதும் இதைச் சுமத்த நமக்கு எந்த ஆதாரமும் இல்லை.

சொந்தத் திருமணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பிழை வந்து சேர்வதால் உண்டாகும் அரிய பிறவி நோய்கள் சில உண்டு. ஃபான்கோனி இரத்தசோகை அவற்றில் ஒன்று. அது புற்றுநோய்க்கும் வழிவிடும். சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு இத்தகைய நோய் வரும் வாய்ப்பு கூடுதல். அந்தச் சந்தேகம் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்கட்டும். கல்யாணப் பந்தியில் அதைப் பேச வேண்டாம்.

இனி நம் ஊர்ச் செய்திக்கு வருவோம். மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து 'மா-ஸ்போர்' என்ற பெயரில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு ஒரே முறையில் சிகிச்சை அளித்து ஆராய்ந்தன. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் அதில் ஒன்று. மருந்து கொடுத்தபின் எலும்பு மஜ்ஜையில் எத்தனை நோயணுக்கள் மிஞ்சியிருக்கின்றன என்று அளந்து, குறைவாக மிஞ்சிய பிள்ளைகளுக்கு மருந்தின் கடுமையைக் குறைத்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி, சேர்ந்த 556 பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 88 பேர் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். தோட்டத்து டிரஸர் கொடுத்த மருந்தோடு நின்ற காலத்தில் "காய்ச்சலில் போய்விட்டது" என்று சொல்லி அடக்கம் செய்த பிள்ளைகளை நம் பெரியவர்கள் நினைத்துப் பார்க்கட்டும்.

இந்தச் சிகிச்சையில் மெர்காப்டோபியூரின் என்ற மாத்திரையை நீண்ட காலம் சாப்பிட வேண்டும். சில பிள்ளைகளுக்கு அது தாங்காது. இரத்த அணுக்கள் அளவுக்கு மீறிக் குறைந்துவிடும். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கண்டறிந்த ஒரு மரபணுவை வைத்தே நெடுங்காலம் இதைச் சோதித்து வந்தார்கள். ஆசியப் பிள்ளைகள் பலருக்கு அந்தச் சோதனை பயன்படவில்லை. என்யுடிடி15 என்ற வேறொரு மரபணுவும் காரணம் என்று 2015இல் தெரிந்தது. அதன் இரண்டு பிரதிகளிலும் மாற்றம் உள்ள பிள்ளைகள் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாங்கவில்லை. இந்த மாற்றம் ஐரோப்பியரிடம் அரிது. ஆசியரிடம் அதிகம், இந்தியரிடமும் உண்டு. 2016இல் இதை மேலும் விளக்கிய ஆய்வுக்கு உதவியவர்கள் குவாத்தமாலா, சிங்கப்பூர், ஜப்பான் நாட்டுப் பிள்ளைகள்.

கணினி எவ்வளவு பெரியதானாலும், அதனிடம் கொடுத்ததை வைத்துத்தான் கணக்குப் போடும். நம்மைப் போன்றவர்களின் இரத்தம் கணக்கில் இல்லையென்றால், நம் பிள்ளைக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை அது எப்படிச் சொல்லும்?

ஆகவே சங்கக் குடும்பங்களிடம் நாங்கள் கேட்பவை நான்கு.

ஒன்று: விடாத காய்ச்சல், வெளிறிய முகம், காரணமில்லாத நீலத் தழும்பு, எலும்பு வலி, கண்மணியில் வெள்ளைப் பளபளப்பு — இவற்றைக் கண்டால் நாள் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஓதிப் பார்ப்பது வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. துஆவும் செய்வோம், மருந்தும் எடுப்போம். மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்தான்.

இரண்டு: பிள்ளை ஓடியாடத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தாங்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றுங்கள். என்யுடிடி15 சோதனை பற்றியும் கேளுங்கள்.

மூன்று: ஆய்வுக்காக இரத்தம் கேட்டால் பயந்து ஓடாதீர்கள். எதற்கு, யார் பார்ப்பார்கள், பெயர் வெளியே வருமா என்று எல்லாம் கேட்டு, மனம் ஒப்பினால் கொடுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அது சதகா.

நான்கு: கோலாலம்பூர் இங்கிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். சிகிச்சை இரண்டு ஆண்டுக்கு மேல். கார் ஓட்ட ஓர் ஆள், இரத்தம் கொடுக்கப் பத்துப் பேர், வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு. ஐம்பத்தோராம் ஆண்டில் சங்கம் இந்த மூன்றுக்கும் பெயர்ப்பட்டியல் எழுதி வைக்கட்டும். முதல் பெயர்களாக நலக்குழுவில் உள்ள எங்கள் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்.

இனி அப்படி ஒரு வீட்டுக்குப் போனால், "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்காமல், "சாப்பிட்டாயா, அம்மா?" என்று கேட்போம்.

அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பூரண சுகத்தையும் நீண்ட ஆயுளையும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.