வயலும் பந்தியும்

உணவு விடுதி ஒன்றைப் பற்றி வானொலியில் பேச என்ன இருக்கிறது என்று நேயர்கள் எண்ணக்கூடும். சொந்த ஊரை விட்டு டில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் பிழைக்க வந்தவர்களுக்கு விடுதிச் சாப்பாடு என்றாலே மாதக்கணக்கில் உண்டு சலித்த நினைவுதான் வரும். ஆயினும் நான் சொல்லப்போகும் விடுதி, சோற்றையும் மண்ணையும் பற்றிப் பலரைச் சிந்திக்க வைத்த ஒன்று.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு எதிர்க்கரையில், பெர்க்லி என்னும் பல்கலைக்கழக ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பழைய வீட்டில் 1971-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் ‘ஷே பனீஸ்’ என்ற விடுதி திறக்கப்பட்டது. நடத்தியவர் ஆலிஸ் வாட்டர்ஸ் என்னும் அம்மையார்; அப்போது அவருக்கு வயது 27. சமையற்கலையை எந்தப் பள்ளியிலும் பயின்றவர் அல்லர். 1965-இல் மாணவியாகப் பிரான்சுக்குச் சென்றிருந்தபோது, காலைச் சந்தையில் வந்த காய்கறியை அன்றே சமைத்து அன்றே உண்ணும் வழக்கத்தைக் கண்டு அதில் மனம் பறிகொடுத்தவர். விடுதியின் பெயர்கூட ஒரு பிரெஞ்சுத் திரைப்படக் கதாபாத்திரத்தின் பெயரே.

ஒரு நாளைக்கு ஒரே விருந்து. வந்தவர்கள் அதைத்தான் உண்ண வேண்டும். முதல் நாள் ஆலிவ் காய்களுடன் சமைத்த வாத்து, பச்சடிக் கீரை, பிளம் பழப் பணியாரம் முதலியவை பரிமாறப்பட்டன. விலை 3 டாலர் 95 சென்ட். அந்த வாத்துகள் எந்தப் பண்ணையிலிருந்தும் வரவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் சீனர் தெருவில் வாங்கியவை அவை. காய்கறிகளும் பக்கத்துக் கடைகளில் எடுத்தவையே. கொள்கை பேசிக்கொண்டு அந்த அம்மையார் தொடங்கவில்லை; நாக்குக்குச் சுவை வேண்டும் என்றுதான் தொடங்கினார். கடையில் கிடைத்த கீரையில் பிரான்சில் உண்ட சுவை இல்லை. ஏன் இல்லை என்று தேடிப் போனவர் போய்ச் சேர்ந்த இடம் உழவர் வீட்டு வாசல்!

வாடிய கீரைக்கு எந்தச் சமையற்காரராலும் உயிர் கொடுக்க முடியாது. பல நூறு மைல் பிரயாணத்தைத் தாங்கும்படி காயாகவே பறித்த பழம், வண்டியில் நிறம் மாறுமே ஒழிய, மரத்தில் கனிந்த பழம் ஆகாது. ஆகவே நல்ல பொருள் எங்கே விளைகிறது என்று தேடிச் செல்வதற்கென்றே அவ்விடுதி ஆள் அமர்த்தியது. 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் நடந்த ஒரு விருந்தை இன்றும் நினைவுகூர்கிறார்கள். தலைமைச் சமையற்காரராக இருந்த ஜெரமையா டவர் அன்றைய உணவுப் பட்டியலில் பிரெஞ்சுப் பெயர்களை விடுத்து, ஊர்ப் பெயர்களை எழுதினார். டொமாலிஸ் விரிகுடாச் சிப்பி, மான்ட்டரே விரிகுடா இறால், சோனோமாப் பாலடைக்கட்டி என்று, அந்தந்தப் பண்டம் பிறந்த இடம் அதன் பெயரோடு சேர்ந்துகொண்டது. பண்ருட்டிப் பலா, மணப்பாறை முறுக்கு என்று சொல்லிப் பழகிய நமக்கு இதில் புதுமை ஒன்றும் தோன்றாது. டப்பாவில் அடைத்த உணவையே நாகரிகம் என்று நம்பியிருந்த நாட்டிலோ அது துணிவான செயல்.

பிறகு 1980-களில், சோனோமாப் பகுதியில் பண்ணை நடத்தும் பாப் கேனார்டு என்பவரோடு விடுதிக்கு உறவு ஏற்பட்டது. அந்தப் பண்ணையைத் தேடிக் கண்டுபிடித்தவர் ஆலிஸின் தகப்பனார். இடைத்தரகர் இல்லை. காய்கறி ஏற்றி வரும் வண்டி வெறுமனே திரும்புவதும் இல்லை. சமையலறையில் கழிந்த தோலையும் தழையையும் ஏற்றிக்கொண்டு போய் அந்த மண்ணுக்கே எருவாக்குகிறது. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் திரும்பும் வண்டிதான்.

விருந்தோடு திராட்சை மதுவும் உண்டு. மதுவைப் பற்றிப் பேசுவது சிலருக்கு உவப்பாக இராது; எனினும் சொல்லத்தக்க செய்தி ஒன்று இருக்கிறது. அவ்விடுதியில் நெடுநாள் சிறப்பிடம் பெற்றது ஜின்ஃபண்டல் என்னும் திராட்சையின் மது. அதைக் கலிபோர்னியா மண்ணுக்கே உரியது என்று அங்குள்ளோர் பெருமையோடு கொண்டாடி வந்தார்கள். 2001-இல் மரபணுவை ஆராய்ந்த அறிஞர்கள், அது ஐரோப்பாவில் குரோஷியாக் கடற்கரையில் வளர்ந்த பழைய கொடியே என்று கண்டார்கள். பிறந்த இடத்தில் சில கொடிகளே எஞ்சியிருக்க, வந்த இடத்தில் அது காடாகப் பெருகி அந்த நாட்டின் அடையாளமே ஆகிவிட்டது. ஊரை விட்டு வந்து வேரூன்றிய நேயர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த முறையின் மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு, அது நியாயமானதே. நான்கு டாலருக்குள் தொடங்கிய விருந்துக்கு இன்று நூறு டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும். பயிரிட்ட கூலியாள் அந்தப் பந்தியில் உட்கார முடியுமா? 1980-இல் மாடியில் விலை குறைந்த சிற்றுண்டிச்சாலை ஒன்று திறந்தார்கள். 1995-இல் பெர்க்லிப் பள்ளி ஒன்றில் தார் போட்ட தரையைப் பெயர்த்துத் தோட்டமிட்டு, பிள்ளைகளே விளைவித்துச் சமைக்கவும் வழி செய்தார்கள். கேள்வி அதனால் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். உழவனுக்கு உரிய விலை கொடுத்தால் சோறு விலை ஏறும். ஏறாத விலையில் நாம் உண்ணும்போது அந்தக் குறைவை யாரோ ஒருவர் வயலில் சுமக்கிறார்.

அப்படிச் சுமந்தவர்களில் ஒருவர் டேவிட் மசுமோட்டோ. ஜப்பானிலிருந்து குடியேறிய உழவர் குடும்பத்தில் வந்தவர். ஃபிரெஸ்னோ நகருக்குத் தெற்கே பீச் பழத் தோட்டம் உடையவர். ‘சன் கிரெஸ்ட்’ என்ற அவருடைய பழம் தேனாக இனிக்கும். ஆனால் கடைக்காரர் கேட்கும் செக்கச் சிவந்த நிறம் அதற்கு இல்லை. நாள்பட வைத்திருக்கவும் முடியாது. விற்கவில்லை. மரங்களை வேரோடு தள்ளிவிடுவது என்று முடிவு செய்து, அந்தத் துயரத்தை 1987-இல் ஒரு நாளிதழில் கட்டுரையாக எழுதினார். படித்தவர்கள் வெட்டாதீர்கள் என்று எழுதினார்கள், மரங்கள் பிழைத்தன. 300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஷே பனீஸ் விடுதி அவருடைய பழத்தை வாங்கி, சமைக்காமல் கலக்காமல், அதையே ஒரு விருந்தாகத் தட்டில் வைத்தது.

நம் வீட்டுச் சமையலறைக்கு வருவோம். மார்கழிக் குளிரில் டில்லிச் சந்தையில் முருங்கைக்காய் தேடி அலைந்து, தொலைவிலிருந்து வதங்கி வந்ததை அதிக விலை கொடுத்து வாங்குகிறோம். அதே தெருவில், அக்கம்பக்கத்து வயல்களிலிருந்து விடியற்காலையில் வந்த முள்ளங்கியும் பதுவாக் கீரையும் சிவப்புக் கேரட்டும் குவிந்து கிடக்கின்றன. முருங்கைக்காயை விட்டுவிடச் சொல்லவில்லை. ஊர் நினைவுக்கு விலை பேச முடியாது. பதுவாக் கீரையைத் துவரம்பருப்போடு மசித்துப் பாருங்கள், ஊர்க் கீரைக்குச் சளைக்காது. சிவப்புக் கேரட்டைச் சாம்பாரில் போடுகிறவர்கள் மட்டும் புளியைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கேரட் நிரம்ப இனிக்கும்.