மூன்றாவது பூச்சு

டென்மார்க்கில் பில்லுண்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர், பொருளாதார மந்தத்தில் கட்டட வேலை நின்றுபோனதால், 1932-இல் மரப் பொம்மை செய்ய இறங்கினார். ஒருநாள் அவருடைய மகன் கோட்ஃபிரெட் மர வாத்துகளைப் பெட்டிகளில் அடைத்து ரயில் நிலையத்தில் சேர்த்துவிட்டு வந்தான். மூன்று முறை பூச வேண்டிய வார்னிஷை இரண்டு முறையோடு நிறுத்திப் பணம் மிச்சம் பிடித்ததாகப் பெருமையாகச் சொன்னான். அப்பா மெச்சவில்லை. பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து, மூன்றாவது பூச்சும் பூசி, மறுபடி கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னார். இரவெல்லாம் ஆனாலும் தனியாகவே செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

அந்தப் பட்டறைதான் லெகோ. பிள்ளைகள் அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளைச் செய்கிற நிறுவனம். அந்த மகன்தான் பின்னாளில் அதை நடத்தினார். கட்டையின் மேலே குமிழ், அடியில் குழாய். வைத்து அழுத்தினால் கெட்டியாகக் கவ்விக்கொள்ளும். இந்த அமைப்புக்குக் காப்புரிமை கேட்டது 1958-இல். அந்த வருஷத்துக் கட்டை இன்று வாங்கும் கட்டையோடும் பொருந்துகிறது. தாத்தா விளையாடிய டப்பாவைப் பேத்தியின் டப்பாவில் கொட்டிக் கலக்கலாம்.

வாடிக்கையாளர் மனதில் இடம்பிடிப்பது எப்படி என்று கேட்டால், பலரும் விளம்பரத்தையும் நடிகரையும்தான் சொல்கிறார்கள். அவற்றால் பெயர் பரவும், ஆனால் பாசம் வராது. நேற்று வாங்கியவரை இன்று கைவிடாத நிறுவனத்தின் மீதுதான் பாசம் வரும் என்பது என் உறுதியான எண்ணம்.

லெகோவும் சறுக்கியது. 2003, 2004-இல் பெரும் நஷ்டம். புதிய தலைவராக வந்த யோர்கன் விக் நுட்ஸ்டோர்ப், ஏறத்தாழ 13,000 வரை பெருகிக் கிடந்த உதிரி வகைகளைப் பாதியளவுக்குக் குறைத்தார். பழைய கட்டைக்கே முதலிடம் தந்தார். வளர்ந்த பிறகும் லெகோவை விடாத ரசிகர்களின் பேச்சுக்குக் காது கொடுத்தார்.

அந்தக் காலத்தில் நடந்ததைக் கேளுங்கள். 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்ற ரோபோ பெட்டியின் புதிய பதிப்பை வடிவமைக்க, நிறுவனம் நான்கு ரசிகர்களை அழைத்தது. சம்பளம் கிடையாது, லெகோ பெட்டிகள்தான் சன்மானம். டென்மார்க்குக்கு அவர்கள் தங்கள் கைக்காசில் விமானம் ஏறிப் போனார்கள்! அந்தப் பதிப்பு 2006-இல் கடைக்கு வந்தது. இன்று ரசிகர் யாரும் தம் வடிவத்தை அனுப்பலாம். 10,000 பேர் ஆதரித்தால் நிறுவனம் பரிசீலிக்கும். தேர்வாகி விற்பனைக்கு வந்தால், நிகர விற்பனையில் ஒரு சதவீதம் அவருக்கு.

கடை வைத்திருக்கும் நேயர்களே, பத்து வருஷத்துக்கு முன் உங்களிடம் குக்கர் வாங்கிய அம்மா கேஸ்கெட் கேட்டு வந்தால், "அந்த மாடல் இப்போ வர்றதில்லைம்மா" என்று அனுப்பிவிடாதீர்கள். எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வரவழைத்துக் கொடுங்கள். விளம்பரச் செலவை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.