பேரம் பேச யாருக்கு நாற்காலி?

(மந்தைவெளியில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



சட்டத்தையும் பொருளாதாரத்தையும் சேர்த்துப் படிக்கிற ஆய்வு இன்று பல்கலைக்கழகங்களில் தனித்துறையாகவே வளர்ந்திருக்கிறது. 'நமக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். மந்தைவெளியைத் தாண்டிப் போகாமலே பதில் சொல்லலாம்.

2022 ஏப்ரல் கடைசியில், இங்கே பக்கத்தில் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் கோவிந்தசாமி நகர் வீடுகளை இடிக்க வந்தார்கள். ஆக்கிரமிப்பு என்றார்கள், நீதிமன்ற உத்தரவு என்றார்கள். மாற்று வீடு எங்கே? பெரும்பாக்கத்தில். மே 8ஆம் தேதி ஒருவர் தீக்குளித்தார், இறந்தும் போனார். அதற்குப் பிறகுதான் மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தருவோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். 'பக்கத்திலேயே' என்ற ஒரு சொல் அரசின் வாயில் வர ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

இப்ப ஆய்வுக்கு வருவோம். ரொனால்ட் கோஸ் என்ற பொருளாதார அறிஞர் 1960இல் ஒரு கட்டுரை எழுதினார். பேரம் பேசச் செலவே இல்லை என்றால், சட்டம் உரிமையை யாருக்குக் கொடுத்தாலும், பேரத்தின் முடிவில் அந்தப் பொருள் அதிகப் பயன் தரும் கைக்குப் போய்ச் சேரும் என்பது அதில் ஒரு வாதம். நிஜ உலகில் பேரத்துக்குச் செலவு உண்டு என்பதையும் அவரே சொன்னார். பின்னால் ரிச்சர்ட் போஸ்னர் போன்றவர்கள், எவ்வளவு பணம் கொடுக்கத் தயாரோ அதுவே மதிப்பு என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கில் கால்வாய்க் கரைக் குடிசையின் மதிப்பு என்ன? அடுக்குமாடி கட்டுகிறவன் கோடி கொடுப்பான். நம்மிடம் கொடுக்க என்ன இருக்கு? இந்தக் கோட்பாட்டில் இரண்டு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து பேரம் பேசுகிறார்கள். ஊரும் சேரியும் எந்தக் காலத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்தன?

இதே துறையின் அறிவு நமக்கு உதவிய இடமும் உண்டு. 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பம்பாய் நடைபாதைவாசிகள் வேலைக்குப் பக்கத்தில் இருக்கத்தான் அங்கே குடியிருக்கிறார்கள், இருப்பிடம் போனால் பிழைப்பும் போகும் என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் அப்புறப்படுத்துவதைத் தடுக்கவில்லை. 1976 கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு மட்டும் மாற்று இடம் தரச் சொன்னது. கவனியுங்கள்: கணக்கில் இருந்தவனுக்குத்தான் இடம்.

அதனால் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இங்கே வீட்டு வேலை செய்கிற ஓர் அம்மா பெரும்பாக்கத்திலிருந்து வந்து போக ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள். நாளைக்கு மூன்று மணி, 26 நாளைக்கு 78 மணி. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. சரி, அந்த 78 மணி நேரத்தை யார் தருவது? காலை ஆறு மணிக்கு வாசல் தெளிக்க வரவில்லை என்றால் வேலை போச்சு. புதிய வீட்டின் சதுர அடியைச் சொல்கிற எந்த அரசாணையிலாவது இந்த 78 மணி உண்டா?

அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்தார். கிரேஸ் இன்னில் சட்டம் படித்தார். 1918இல் சிறு நிலவுடைமை பற்றி எழுதும்போது, நிலத்தின் அளவை மட்டும் பார்க்காதே, அதில் போடும் மூலதனத்தையும் உழைப்பையும் பார் என்று வாதாடினார். அடுத்தவன் போட்ட கணக்கை அப்படியே வாங்கிக்கொள்ளாத புத்தி அது. அதுதான் நமக்கு வேண்டும்.

மாணவர்களே, பட்டத்துக்காக ஆய்வு செய்யுங்கள், வேண்டாம்னு சொல்லல. ஆனால் இடிக்கிற வண்டி வருவதற்கு முன்பே நோட்டோடு தெருவுக்குப் போங்கள். எத்தனை குடும்பம், எத்தனை ஆண்டு, யார் எங்கே வேலைக்குப் போகிறார், பிள்ளை எந்தப் பள்ளி, எல்லாவற்றையும் எழுதுங்கள். நீதிமன்றத்தில் கண்ணீருக்குப் பக்க எண் கிடையாது. கணக்குக்கு உண்டு.

ஜெய்பீம்.