பெயரடையை அடுத்து நிற்கும் சிறு சொல்



ஆங்கிலப் பெயரடைகளை அடுத்து வரும் முன்னிடைச்சொற்களுக்கென்று தனியே ஒரு கருத்தரங்கு தேவையா என்று சிலர் கேட்டார்கள். தேவை என்றே நான் நம்புகிறேன். 'குட்' என்ற சொல்லையே பாருங்கள். 'குட் அட் மேத்ஸ்' என்றால் கணக்கில் கெட்டிக்காரர். 'குட் ஃபார் ஹெல்த்' என்றால் உடம்புக்கு நல்லது. 'குட் டு ஹிஸ் மதர்' என்றால் தாயிடம் அன்பாக நடந்துகொள்பவர். 'குட் வித் சில்ட்ரன்' என்றால் பிள்ளைகளிடம் பக்குவமாகப் பழகத் தெரிந்தவர். பெயரடை ஒன்றுதான், பொருளைப் பிரித்துக் காட்டுவது அடுத்து நிற்கும் சிறு சொல். 'கைண்ட்' இதைவிட நுட்பமானது. 'கைண்ட் டு யூ' என்னும்போது அன்பைப் பெற்றவர் நீங்கள். 'கைண்ட் ஆஃப் யூ' என்னும்போது அன்பு காட்டியவரே நீங்கள். உருபு மாறினால் பொருள் மாறும் என்று வேற்றுமை இயலில் படித்த நமக்கு இது அந்நியமான செய்தி அன்று.

ஆனால் நம் வகுப்பறைகளில் இது கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சியாகச் சுருங்கிவிட்டது. நீண்ட பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். காரணம் கேட்கும் மாணவருக்கு, ஆங்கிலத்தில் அது அப்படித்தான் என்கிறோம். அந்தப் பதில் போதாது. காரணத்தைத் தேட அகராதித் துறை வழிகாட்டியிருக்கிறது.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, சொல்லுக்குப் பொருள் தருவதோடு அது வாக்கியத்தில் எப்படி அமையும் என்பதையும் காட்டும் அகராதியை வேறு இருவரோடு சேர்ந்து தொகுத்தார். 1942-இல் அது டோக்கியோவில் வெளிவந்தது. பின்னர் பர்மிங்ஹாமில் ஜான் சின்க்ளேர் தலைமையில் நடந்த கோபில்டு திட்டம், மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் கணினியில் திரட்டி ஆராய்ந்தது. அதன் வழியில் 1998-இல் பெயர்ச்சொற்கள், பெயரடைகள் ஆகியவற்றின் அமைப்புகளுக்கென்றே ஒரு நூல் வந்தது. ஒரே முன்னிடைச்சொல்லை ஏற்கும் பெயரடைகள் பெரும்பாலும் பொருளாலும் உறவுடையவை என்பது அதில் தெளிவாகிறது. திறமையைச் சொல்லும் 'குட்', 'பேட்', 'பிரில்லியண்ட்', 'ஹோப்லெஸ்' எல்லாம் 'அட்' கொள்கின்றன. 'அஃப்ரெய்ட்', 'ப்ரவுட்', 'அஷேம்ட்', 'ஜெலஸ்', 'ஃபாண்ட்' ஆகிய மனநிலைச் சொற்கள் 'ஆஃப்' கொள்கின்றன. 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்' ஆகியவை லத்தீன் ஒப்பீட்டுச் சொற்களாக வந்தவை. அதனால்தான் 'தேன்' என்பதை விட்டு 'டு' ஏற்கின்றன. விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் இப்படிக் குழுக்களாகக் கற்பித்தால் மனப்பாடச் சுமை பாதியாவது இறங்கும்.

குழு உறவு இன்றும் உயிரோடு இயங்குகிறது. 'போர்ட்' என்பதற்குப் பின் 'வித்' அல்லது 'பை' வருவதே பழைய வழக்கு. இப்போது 'போர்ட் ஆஃப்' பரவியிருக்கிறது. 'டயர்ட் ஆஃப்' என்பதன் சாயலில் பிறந்தது அது. நம் மாணவர் 'ஆங்ரி ஆன் மீ' என்று எழுதும்போதும் நடப்பது ஒப்புமையாக்கமே. அவருக்கு மாதிரி, 'என் மேல் கோபம்' என்ற தமிழ்த் தொடர். 'ஆங்ரி வித் மீ' என்று திருத்தத்தான் வேண்டும். ஆனால் பிழையின் வேரைக் காட்டித் திருத்தினால் அது மறுபடி தலைகாட்டாது. சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போவதால் பயனில்லை.

பிழையே இல்லாததைப் பிழை என்பது இன்னும் பெரிய தீங்கு. 'டிஃபரண்ட்' என்பதற்குப் பின் 'ஃப்ரம்' எங்கும் வழங்குகிறது. பிரிட்டனில் 'டு', அமெரிக்காவில் 'தேன்' ஆகியவையும் வழங்குகின்றன. 'ஃப்ரம்' மட்டுமே சரி என்பது மூடநம்பிக்கை என்று அகராதியாளர் ஃபௌலர் தம் ஆங்கில வழக்கு அகராதியில் 1926-இலேயே எழுதிவிட்டார். இத்தனை காலத்துக்குப் பிறகும் 'டிஃபரண்ட் டு' என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் குறைப்பது அநியாயம். வழக்கைப் பாராமல் விதியை மட்டும் பிடித்துக்கொள்வது இலக்கணமாகாது.

கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. நீங்களே இயற்றிய உதாரண வாக்கியங்களை ஒதுக்கி வையுங்கள். நாளிதழிலிருந்து, வானொலிப் பேச்சிலிருந்து, மாணவரின் குறிப்பேட்டிலிருந்து எடுத்த வாக்கியங்களை அவை இருந்தபடியே அரங்கத்தின் முன் வையுங்கள். தமிழ் மாணவர் எழுதும் ஆங்கிலத்தை முறையாகத் திரட்டிய தொகுப்பு ஒன்றுக்கு இந்தக் கருத்தரங்கிலேயே அடித்தளம் இடுவோம். அதற்கு ஒவ்வொரு பள்ளியும் கல்லூரியும் தம் மாணவரின் கட்டுரைகளைப் பெயர் நீக்கித் தந்து உதவ வேண்டும்.