உறங்க மறுத்த மடிக்கணினி



மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் கல்லூரி மாணவி ஒருத்தி, ஒரு நாள் மாலை கண்கலங்கி வந்து நின்றாள். காலையில் மடிக்கணினியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, துரைசாமி சுரங்கப்பாதை வழியாகத் தியாகராய நகருக்குச் சென்றிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் பை சுடுகிறது, பேட்டரி வற்றிவிட்டது, சேமிக்காமல் விட்ட கட்டுரையும் மறைந்துவிட்டது. “மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள், தாத்தா. அப்பாவின் சம்பளத்தில் பாதி போய்விடும்” என்றாள்.

கணினியின் உறக்கம் என்பது யாது? திரை, செயலி, வட்டு ஆகியவை ஓய்வு கொள்கின்றன. நினைவகம் மட்டும் விழித்திருக்கிறது. அதன் நுண்ணறைகளில் உள்ள மின்னேற்றம் கசிந்துகொண்டே இருப்பதால், பொதுவாக 64 மில்லி விநாடிக்குள் அதனைப் புதுப்பித்தாக வேண்டும். ஆதலின் உறக்கத்திலும் சிறிது மின்சாரம் செலவாகும். அது தீர்ந்தால் நினைவகத்தில் இருந்தவையும் அழியும். ‘ஹைபர்நேட்’ என்னும் நிலையிலோ, நினைவகத்தில் உள்ளவை வட்டில் எழுதப்பட்டுவிடுகின்றன. மின்சாரம் நின்றாலும் அவை அழிவதில்லை.

இவ்வுறக்க நிலைகளுக்கான பொது விதிமுறையை 1996ஆம் ஆண்டில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் வெளியிட்டன. ‘ஏசிபிஐ’ என்பது அதன் பெயர். அவ்விதிமுறைப்படி மவுஸ், விசைப்பலகை, வலையமைப்பு அட்டை முதலியவற்றுக்கும் கணினியை எழுப்பும் உரிமை வழங்கப்படலாம். வகுப்பில் ஒரு மாணவன் பேசினாலும் அமைதி கெடுவது போல, ஒரு கருவி அசைந்தாலும் உறக்கம் கலையும்.

நாங்கள் சோதனையைத் தொடங்கினோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்று உறுதி செய்துகொண்டோம். இணைத்திருந்த யாவற்றையும் கழற்றிவிட்டு மூடினோம். விளக்கு மெல்ல விட்டுவிட்டு ஒளிர்ந்தது. கணினி நன்றாகவே உறங்கிற்று. கம்பியில்லா மவுஸின் சிறு ஏற்பியைச் செருகி மூடினோம், அப்போதும் உறங்கிற்று. “இதிலும் குற்றமில்லையே!” என்றாள் அவள். “பொறு அம்மா, நீ மேசையோடு கல்லூரிக்குச் செல்லவில்லையே” என்றேன். மவுஸையும் கணினியையும் பையிலிட்டு, அதைத் தோளில் மாட்டி நடக்கச் சொன்னேன். சிறிது நேரத்தில் பையைத் திறந்தால் விளக்கு நிலையாக எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது!

விண்டோஸில் ‘பவர்சிஎஃப்ஜி’ என்னும் கட்டளையுடன் ‘லாஸ்ட்வேக்’ என்பதைச் சேர்த்துக் கேட்டால், கடைசியாக எழுப்பியது எது என்பதைக் கணினியே பெரும்பாலும் கூறிவிடும். எங்களுக்கு மவுஸையே காட்டிற்று. ‘ரிக்வெஸ்ட்ஸ்’ என்று கேட்டால், உறங்கவிடாமல் தடுக்கும் நிரலைக் காட்டும். டிவைஸ் மேனேஜரில் மவுஸின் எழுப்பும் உரிமையை நீக்கினோம். குறை தீர்ந்தது, ஒரு காசும் செலவாகவில்லை.

எல்லாக் கணினிக்கும் இதுவே மருந்து என்று கருதிவிடாதீர்கள். சிலவற்றில் பழைய டிரைவரோ பயாஸோ காரணமாகலாம். புதிய கணினிகள் பலவற்றில் உறக்கத்திலும் இணையத் தொடர்பு நீடிக்கக்கூடும். ஆகவே பையில் வைக்குமுன் எழுதியதைச் சேமியுங்கள். ஹைபர்நேட் செய்யுங்கள், அல்லது முற்றிலும் அணைத்துவிடுங்கள்.

கட்டுரையை அவள் இரவெல்லாம் விழித்து மீண்டும் எழுதினாள். அந்த இழப்பை என்னால் தவிர்க்க இயலவில்லை. ஆனால், குறை எந்த நிலையில் தோன்றிற்றோ அந்த நிலையிலேயே அதனைத் தேட வேண்டும் என்பதை அவள் அறிந்துகொண்டாள். அதனை நீங்களும் மறவாதிருங்கள்.